ஒற்றை சேர் கிளினிக்கில் இன்ட்ராஓரல் ஸ்கேனர் வாங்கலாமா, சிலிக்கான் அளவே போதுமா?

தென்காசி கிளினிக் (கேள்வி):

வணக்கம். தென்காசியில் தனியாக கிளினிக் வைத்திருக்கிறேன். பி.டி.எஸ். மட்டும்தான், மேற்படிப்பு இல்லை. ஒரு சேர், ஒரு உதவியாளர். வருகிற வேலையில் பாதிக்கு மேல் ரூட் கேனாலும் அதன் மேல் போடும் கேப்பும்தான். மீதி பிரிட்ஜ், பல் செட்டு, பல் எடுப்பது. இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) எப்போதாவது வரும். சர்ஜன் வெளியூரிலிருந்து வந்து வைத்துவிட்டுப் போவார், கேப் வேலை மட்டும் என்னுடையது. மாதம் சுமார் 20 யூனிட் (கேப்பிலும் பிரிட்ஜிலும் ஒரு பல் ஒரு யூனிட்) பல் செய்யும் லேபுக்குப் போகும்.

இப்போது பல்லின் அளவு (அச்சு) எடுப்பது ரப்பர் போல இறுகும் அடிஷன் சிலிக்கானில், கெட்டியான புட்டியும் நீர்த்த லைட் பாடியும். எதிர்த்தாடைக்குத் தண்ணீரில் கலக்கும் ஆல்ஜினேட் பொடி. அதில் உடனே கிளினிக்கிலேயே ஸ்டோன் (ஜிப்சம் மாவு) ஊற்றி மாடல் எடுத்துவிடுவோம். கத்திரி வெயில் நாட்களில் ஃபிரிட்ஜ் தண்ணீர் விட்டுத்தான் கலக்குகிறோம். இல்லையென்றால் ட்ரேயை வாய்க்குள் கொண்டுபோவதற்குள் பௌலிலேயே இறுகிவிடுகிறது. சாயங்காலம் எல்லாவற்றையும் கட்டி, ராஜபாளையம் வழியாகப் போகிற மதுரை பஸ்ஸில் லேபுக்குப் பார்சல் போடுவோம்.

என்னை உறுத்துவது ஒன்றுதான். அளவில் ஏதாவது குறை இருந்தால் அது எனக்குத் தெரியவருவது இரண்டு மூன்று நாள் கழித்து லேபிலிருந்து போன் வரும்போதுதான். "மேடம், பின்பக்க மார்ஜின் இழுத்திருக்கு, ரிப்பீட் அனுப்புங்க" என்பார்கள். (மார்ஜின் என்பது கேப் பல்லில் வந்து முடியும் விளிம்பு.) அதற்குள் நோயாளி ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். இங்கே வருகிறவர்களில் பீடி சுற்றும் பெண்கள் நிறைய. ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. அவர்களைக் கூப்பிட்டு "இன்னொரு தடவை வாங்கம்மா, அளவு எடுக்கணும்" என்று சொல்வது எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருக்கிறது.

இன்ட்ராஓரல் ஸ்கேனர் (அச்சு எடுக்காமல் வாய்க்குள் கேமராவை ஓட்டிப் பல்லைப் படமெடுக்கும் கருவி) கம்பெனிக்காரர் ஒருவர் வந்து காட்டினார். விலை 9 லட்சத்தை ஒட்டி வருகிறது, லேப்டாப் தனி. "இதை வாங்கிவிட்டால் ட்ரே, புட்டி எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம்" என்கிறார். அவர் காட்டியது தன் உதவியாளர் வாயில், எந்த வேலையும் செய்யாத பற்களை. அழகாகத்தான் வந்தது. ஆனால் ஈறுக்குக் கீழே இறங்கிய, ரத்தம் கசிகிற, கடைசிக் கடைவாய்ப்பல்லில் அது எப்படி வரும்? பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள். என் மாதிரி கிளினிக்குக்கு இது கட்டுப்படியாகுமா?


புராஸ்தோ கோவை:

டாக்டர், கம்பெனிக்காரரிடம் நீங்கள் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. மற்ற எல்லாம் அதற்கு அடுத்துத்தான். நான் புராஸ்தோடான்டிஸ்ட் (செயற்கைப் பல் நிபுணர்). கோவையில் சில ஆண்டுகளாக ஸ்கேனர் பயன்படுத்துகிறேன். சிலிக்கானும் என் அலமாரியில் இருக்கிறது, மூட்டை கட்டவில்லை.

முதலில் ஒன்று. நீங்கள் சிர்கோனியா (வெள்ளை செராமிக்) கேப் போடுகிறீர்கள் என்றால் உங்கள் வேலையில் பாதி ஏற்கனவே டிஜிட்டல்தான். நீங்கள் அனுப்பும் அளவில் லேப் டை ஸ்டோன் ஊற்றி, அந்த மாடலை டெஸ்க்டாப் ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்து, கம்ப்யூட்டரில்தான் கேப்பை வடிவமைக்கிறார்கள். சிர்கோனியாவைக் கையால் செய்ய வழி இல்லை. மில்லிங் மெஷினில் ஏறத்தாழ 20 சதவீதம் பெரிதாகக் கடைந்து, 1500 டிகிரியை ஒட்டிய சூட்டில் சின்டரிங் செய்யும்போது அது சுருங்கி நம் அளவுக்கு வருகிறது. அதனால் "டிஜிட்டலுக்கு மாறலாமா" என்பதைவிட, பல்லைப் படமாக மாற்றும் வேலை மதுரையில் நடக்க வேண்டுமா, உங்கள் சேரிலேயே நடக்க வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். சேரிலேயே நடந்தால் என்ன லாபம்? நீங்கள் உறுத்துகிறது என்றீர்களே, அதுதான். குறை அந்த நிமிடமே திரையில் தெரியும், நோயாளி எழுந்து போவதற்கு முன்னால். என்னைக் கேட்டால் ஸ்கேனரின் ஆகப் பெரிய பலன் இதுதான். வேகம், சுத்தம், நோயாளி வியந்து பார்ப்பது எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

இப்போது ஈறுக்குக் கீழே உள்ள மார்ஜின். சிலிக்கானுக்கும் ஸ்கேனருக்கும் அடிப்படை வித்தியாசம் ஒன்று உண்டு. லைட் பாடிக்கு மேல் புட்டி அழுத்தும்போது அது ஈறு இடுக்குக்குள் கொஞ்சம் தானாகவே தள்ளிக்கொண்டு போகும். ஒளிக்கு அந்தத் தள்ளும் சக்தி கிடையாது. நேராகப் பார்க்க முடிகிறதைத்தான் எடுக்கும். மார்ஜின் மேல் ஈறு மடிந்து கிடந்தால் ஈறைத்தான் எடுக்கும், ஒரு சொட்டு ரத்தம் நின்றால் ரத்தத்தின் மேற்பரப்பைத்தான் எடுக்கும். கேமரா குறை சொல்லாது. அழகான, வழுவழுப்பான, தப்பான மார்ஜினைக் கொடுக்கும்.

அதனால் நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். பல்லைச் சீவி முடித்ததும் முதலில் ஈறை விலக்க அதன் இடுக்கில் வைக்கும் மெல்லிய கார்டு (நூல்), அதன் மேல் ஒரு சைஸ் தடித்த கார்டு, அலுமினியம் குளோரைடில் நனைத்து. அது ஈறில் உட்கார்ந்திருக்கும் நேரத்திலேயே தாடை முழுவதையும், எதிர்த்தாடையையும், கடிப்பையும் ஸ்கேன் செய்து முடித்துவிடுவேன். பிறகு திரையில், சீவிய பல்லின் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிடுவேன். அந்த இடத்தில் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். அதற்குப் பிறகுதான் மேல் கார்டை எடுப்பது. மெல்லியது உள்ளேயே இருக்கும். கழுவி, காற்றடித்து உலர்த்தி, உடனே அந்த ஓட்டையை மட்டும் ஸ்கேன் செய்து அடைப்பேன். கார்டை எடுத்த அரை நிமிடத்திலேயே ஈறு மெல்லத் திரும்பி மூட ஆரம்பித்துவிடுகிறது. கார்டை எடுத்துவிட்டு நிதானமாகத் தாடை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வருகிறவர்களுக்குத்தான் மார்ஜின் தொலைந்துபோகிறது. இந்த ஒரு வரிசையைப் பழகிக்கொண்டால் முக்கால்வாசிச் சிக்கல் தீரும்.

ஸ்கேன் முடிந்ததும் வண்ணப் படத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வண்ணம் கண்ணை ஏமாற்றும். வண்ணத்தை அணைத்துவிட்டு ஒற்றை நிறத்தில் பல்லைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். மார்ஜின் கோடு கத்தி வைத்துக் கீறியது போல ஒரே ஓட்டமாக வந்தால் சரி. எங்காவது உருகி வழிந்தது போல மழுங்கியிருந்தால் அந்த இடத்தில் ஈரம், அல்லது ஈறு. அதை மட்டும் வெட்டி மறுபடி எடுங்கள். சிலிக்கானில் ஒரு இடம் இழுத்துவிட்டால் முழுசாகத் திரும்ப எடுக்க வேண்டும், இங்கே அந்த இடம் மட்டும் போதும்.

மார்ஜின் ஈறுக்குக் கீழே அரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் தைரியமாக ஸ்கேன் செய்யலாம். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி இறங்கினால், அதுவும் கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்தில் என்றால், நான் சிலிக்கானுக்குப் போய்விடுவேன். அல்லது முதலில் ஈறைச் சரிசெய்து, ஆறவிட்டு, பிறகு அளவு எடுப்பேன். அப்புறம், கத்தி முனை போல மெலிந்து முடியும் மார்ஜினை ஸ்கேனர் சரியாகப் பிரித்துக் காட்டாது. தெளிவான சாம்ஃபர் (உள்வளைந்த படி போன்ற விளிம்பு) வெட்டுங்கள். சிர்கோனியாவுக்கும் அதுதான் நல்லது.

ஒரு பல், இரண்டு பல், மூன்று யூனிட் பிரிட்ஜ், ஒரு பக்கத் தாடை வரை ஸ்கேனை நம்பலாம். முழுத் தாடை வரும்போது கதை மாறுகிறது. ஸ்கேனர் ஒரே படமாக எடுப்பதில்லை. சின்னச் சின்னப் படங்களை எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகிறது. சுவரில் டைல்ஸ் பதிக்கும்போது ஒவ்வொன்றிலும் நூலளவு விலகினால் கடைசி மூலையில் விரற்கடை வித்தியாசம் நிற்குமே, அப்படி ஒரு பக்கக் கடைவாயில் தொடங்கிய விலகல் மறுபக்கக் கடைவாய்க்கு வரும்போது கூடியிருக்கும். நடுவில் பல் இல்லாமல் வெறும் ஈறு நீண்டு கிடந்தால், ஒட்டுவதற்குப் பிடிமானம் இல்லாமல் இன்னும் மோசம். வாயை ரொம்ப நேரம் அகலத் திறந்துவைத்தால் கீழ்த்தாடை எலும்பே லேசாக உள்நோக்கி வளைகிறது, அதுவும் சேர்ந்துகொள்ளும். ஆறேழு இம்பிளாண்டை ஒரே பிரிட்ஜில் இணைக்கும் வேலையை வாய்க்குள் ஸ்கேன் செய்து மட்டும் நான் அனுப்புவதில்லை.

பல் செட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர் மூட்டை கட்டச் சொன்னது இங்கேதான் தவறு. முழுப் பல் செட்டு நிற்பது ஓரங்களால். உதடும் கன்னமும் நாக்கும் அசையும்போது ஈறின் ஓரம் எவ்வளவு ஆழம் வரை இடம் கொடுக்கிறது என்பதைக் கிரீன் ஸ்டிக்கை (சூட்டில் இளகும் குச்சி) சூடாக்கி வைத்து, நோயாளியை "ஊ", "ஈ" சொல்ல வைத்து வார்த்து எடுக்கிறோம். ஸ்கேன் செய்யும்போது நாம் கன்னத்தை இழுத்துப் பிடித்திருப்போம். அது இழுத்துப் பிடித்த கன்னத்தின் ஓரம், பேசுகிற சாப்பிடுகிற வாயின் ஓரம் கிடையாது. செட்டுக்கு கிரீன் ஸ்டிக்கும் ஜிங்க் ஆக்சைடு பேஸ்ட்டும், இல்லையென்றால் சிலிக்கானும் உங்களுக்குத் தொடர்ந்து தேவை.

இனி பணம். 9 லட்சம், ஐந்து வருடக் கடன், 11 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 19,500. உங்கள் 20 யூனிட்டில் வகுத்தால் யூனிட்டுக்கு 975 ரூபாய். சிலிக்கானுக்கு ஒரு கேஸுக்கு எனக்கு ஆன செலவு ட்ரே உட்பட 300 ரூபாயைத் தாண்டியதில்லை. ஆக மெட்டீரியல் மிச்சம் என்ற கணக்கில் உங்களுக்கு இது எடுபடாது. அந்தக் கணக்கை யார் காட்டினாலும் நம்பாதீர்கள். லேப்டாப், வாரன்டி முடிந்த பிறகு வருடாந்திரப் பராமரிப்பு, தேய்ந்துபோகும் ஸ்கேன் டிப் (வாய்க்குள் போகும் முனை) எல்லாம் இதற்கு மேல். யூனிட் 40க்கு ஏறினால், ரிப்பீட் குறைந்தால், இரண்டாவது சிட்டிங் மிச்சமானால் கணக்கு நெருங்கி வரும். உங்கள் ஊரில் இன்னொரு கிளினிக்கோடு பங்கு போட்டு வாங்க முடியுமா என்று பாருங்கள். டிப்பை ஆட்டோகிளேவ் செய்து, ஸ்கேனரின் உடலைத் துடைத்து எடுத்துப் போகலாம். இடம் மாற்றினால் காலிபரேஷன் மட்டும் மறக்காமல் செய்ய வேண்டும்.


மதுரை லேப்:

மேடம், வணக்கம். நான் டெக்னீஷியன். உங்களுக்கு வேலை செய்வது வேறு லேபாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் சொன்ன அந்த போனை நாங்களும் தினமும் போடுகிறோம். கோவை டாக்டர் சொன்னதில் லேப் பக்கம் விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன்.

மெஷின் வாங்குவதற்கு முன் உங்கள் லேபைக் கேளுங்கள். எந்த ஃபைல் வாங்குவார்கள், எந்த சாஃப்ட்வேரில் வேலை செய்கிறார்கள் என்று. எஸ்டிஎல் (முப்பரிமாண வடிவ ஃபைல்) என்றால் எல்லோரும் வாங்குவோம், ஆனால் அதில் நிறம் வராது. பிஎல்ஒய் ஃபைலில் நிறம் வரும். ஈறு எது பல் எது என்று மார்ஜின் வரையும்போது பிரித்துப் பார்க்க அது உதவும். இரண்டையும் தடையில்லாமல் வெளியே எடுக்கக் கொடுக்கிறதா, வருடச் சந்தா கட்டினால்தான் கொடுக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உங்கள் ஊரில் எந்த கேப் அதிகம் போகிறது? முழுசாக ஒரே சிர்கோனியாவில் கடையும் கேப்புக்கு மாடலே வேண்டாம். திரையில் வடிவமைத்து, மில் செய்து, சின்டர் செய்து, பாலிஷ் போட்டு அனுப்பிவிடுவோம். மெட்டல் செராமிக் என்றால் அப்படி முடியாது. உள்ளே இருக்கும் உலோகத் தொப்பியைக் கம்ப்யூட்டரில் செய்தாலும் மேலே செராமிக் பூசுகிறவர் கையில் ஒரு மாடல் இருந்தாக வேண்டும். காண்டாக்ட் பார்ப்பது, கடிப்பு பார்ப்பது எல்லாம் அதில்தான். அதனால் ரெசின் மாடல் பிரின்ட் போடுவோம், அதற்குத் தனியாகக் காசு. பிரின்ட் மாடலைச் சரியாகக் கழுவி முழுசாகக் க்யூர் செய்யாவிட்டால் வளைந்துவிடும். வளைந்த மாடலில் சரியாக உட்காரும் கேப் வாயில் உட்காராது. நல்ல டை ஸ்டோனில் ஊற்றிய மாடலோடு ஒப்பிட்டால் பிரின்ட் மாடலை இன்னும் நான் முழு மனதோடு நம்புவதில்லை. உங்கள் நோயாளிகள் பெரும்பாலும் மெட்டல் செராமிக் கேட்கிறவர்கள் என்றால் இதையும் கணக்கில் சேருங்கள்.

எங்களுக்கு வருகிற ஸ்கேன்களில் அதிகம் கெட்டுப்போவது மார்ஜின் என்று நினைப்பீர்கள். அதற்குச் சமமாகக் கெடுவது கடிப்பு. டாக்டர் இரண்டு தாடையையும் அருமையாக எடுத்திருப்பார், கடைசியில் "கடிங்க" என்று சொல்லி, நோயாளி எப்படிக் கடித்தாரோ அப்படியே கன்னப்பக்கத்தில் கேமராவை ஓட்டிவிடுவார். ஸ்கேனர் தலை கன்னத்தை இழுக்கும்போது பலர் தாடையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திவிடுகிறார்கள். திரையில் பார்த்தால் மேல்பல்லும் கீழ்பல்லும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கும், இல்லையென்றால் நடுவே இடைவெளி தெரியும். அனுப்பும் முன் கடிப்புத் தொடும் இடங்களை வண்ணத்தில் காட்டும் வசதி பெரும்பாலான சாஃப்ட்வேரில் இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள். வாயில் ஆர்டிகுலேட்டிங் பேப்பர் (கடித்தால் நிறம் ஒட்டும் தாள்) வைத்தால் எந்தப் பற்களில் புள்ளி விழுகிறதோ அதே பற்களில் திரையிலும் நிறம் தெரிய வேண்டும். ஒரு நிமிட வேலை மேடம். இதைச் செய்து அனுப்புகிற டாக்டர்களின் கேப்பை நாங்கள் நிம்மதியாக மில்லில் போடுவோம்.

சிலிக்கானில் தொடர்வதாக இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். புட்டியைப் பிசைகிற உங்கள் உதவியாளர் லேடெக்ஸ் கையுறை போட்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அதிலுள்ள கந்தகம் சிலிக்கானை இறுக விடாது. மேலே இறுகியது போலத் தெரியும், மார்ஜின் பக்கத்தில் பிசுபிசுவென்று இருக்கும், ஸ்டோன் ஊற்றினால் அங்கேதான் தேய்ந்து வரும். நைட்ரைல் அல்லது வினைல் போடட்டும். கேப்புக்குப் பல் சீவும்போது லேடெக்ஸ் போட்டு ஈறைத் தொட்டுவிட்டு அதே இடத்தில் லைட் பாடி ஊற்றினாலும் இந்தச் சிக்கல் வரும். "பின்பக்கம் இழுத்திருக்கு" என்று நாங்கள் சொல்வதில் கொஞ்சம் இதனால்தான் என்பது என் அனுபவம்.


ஆர்த்தோ திருச்சி:

கிளிப் போடும் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். எங்களுக்கு ஸ்கேனர் ரொம்ப நாளாகவே பழக்கம். அலைனர் (கிளிப்புக்குப் பதில் பல்லை நகர்த்தும் தெளிவான உறை) கம்பெனிகள் அதைப் பரவலாக்கின. ஐடெரோ ஸ்கேனரை 2011இல் அலைன் கம்பெனியே வாங்கியது. ஸ்டடி மாடலுக்காக ஷெல்ஃப் ஷெல்ஃபாக ஸ்டோன் மாடல் அடுக்கி வைத்திருந்தேன், அந்த அறை இப்போது எக்ஸ்ரே அறை.

ஓங்கரிப்பு அதிகம் உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது பெரிய வரம். ஆல்ஜினேட் தொண்டைப் பக்கம் வழியும்போது மூச்சு நின்றுபோகும் என்று பயந்து அழுகிற பிள்ளை, ஸ்கேன் செய்யும்போது திரையில் தன் பல் வளர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். நடுவில் நிறுத்தலாம், வாய் கொப்பளிக்க விடலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ட்ரேயில் இதெல்லாம் நடக்காது.

ஆனால் பாக்கு, குட்கா போட்டு வாய் இறுகிப்போனவர்கள் நம் பக்கம் நிறைய. சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் கேஸ்களில் ட்ரே நுழையாத வாயில் ஸ்கேனர் நுழையும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். ஸ்கேனர் தலைக்கும் ஒரு உயரம் இருக்கிறது, பின்னால் கடைவாய்க்கு மேலே அது நிமிர்ந்து நிற்கவும் இடம் வேண்டும். சின்ன டிப் கிடைக்கிற மாடலா என்று கேளுங்கள். டெமோவின்போது உங்கள் நோயாளிகளிலேயே வாய் குறைவாகத் திறக்கிற ஒருவரிடம் போட்டுப் பாருங்கள். உமிழ்நீர் உறிஞ்சுவதற்கும் கன்னத்தை விலக்குவதற்கும் உதவியாளரின் கை கட்டாயம் தேவை, தனியாகச் செய்யும் வேலை இல்லை இது.

கற்றுக்கொள்ளும் காலத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள். முதல் மாதம் சிலிக்கானைவிட நேரம் அதிகம்தான் ஆகும். கீழ் முன்பற்களில்தான் எல்லோருக்கும் தடம் தவறுகிறது. பற்கள் மெலிந்து ஒரே மாதிரி இருப்பதால் ஸ்கேனர் குழம்பும். அங்கே நேர்க்கோட்டில் ஓட்டாமல் உள்பக்கமும் வெளிப்பக்கமுமாகக் கையை அசைத்து அசைத்துக் கடக்க வேண்டும். சேர் விளக்கை அணைத்துவிடுங்கள். பழைய வெள்ளிச் சிமெண்டும் பளபளக்கும் உலோகக் கேப்பும் ஒளியைத் திருப்பி அடிக்கும், அங்கே காற்றடித்து உலர்த்தி, கேமராவைச் சாய்த்து எடுங்கள். 1985இல் சூரிச்சில் செரெக் என்ற பல் ஸ்கேன் மெஷினை முதன்முதலில் நோயாளிக்குப் பயன்படுத்திய காலத்தில் எல்லாப் பல்லுக்கும் வெள்ளைப் பொடி தூவித்தான் படமெடுக்க முடிந்தது. இன்றைய மெஷின்களுக்குப் பொடி வேண்டாம் என்றாலும் இந்தப் பளபளப்புத் தொல்லை முழுசாகப் போகவில்லை.


தென்காசி கிளினிக்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லேடெக்ஸ் விஷயத்தைப் படித்ததும் உதவியாளரிடம் கேட்டேன், லேடெக்ஸ்தான் போடுகிறாள். நாளையிலிருந்து நைட்ரைல். இது ஒன்றுக்காகவே இங்கே கேட்டது நல்லதாயிற்று.

மெட்டல் செராமிக்தான் என் நோயாளிகளில் பெரும்பாலோர் வாங்குவது. சிர்கோனியா கால்வாசி இருக்கும். மதுரை சார் சொன்னதைப் பார்த்தால் மாடல் பிரின்ட் செலவும் சேர்ந்துவிடும் போலிருக்கிறது. பங்கு போட்டு வாங்கும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. செங்கோட்டையில் என்னோடு படித்த தோழி ஒருத்தி கிளினிக் வைத்திருக்கிறாள், அவளும் இதே யோசனையில்தான் இருக்கிறாள். இருவரும் சேர்ந்தால் 40 யூனிட்டை ஒட்டி வரும்.

இரண்டு சந்தேகம். ஒன்று, கரண்ட் போனால் பாதி ஸ்கேன் போய்விடுமா? இரண்டு, இம்பிளாண்ட் கேப்புக்கு ஒற்றை இம்பிளாண்ட் என்றால் ஸ்கேன் போதுமா? சர்ஜன் எந்தக் கம்பெனி வைக்கிறார் என்பதே எனக்குச் சில நேரம் நோயாளியின் இம்பிளாண்ட் அட்டையைப் பார்த்துத்தான் தெரியும்.


புராஸ்தோ கோவை:

கரண்டுக்குப் பயப்பட வேண்டாம். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, ஸ்கேனர் பிளக்கை மட்டும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். எடுத்த வரை சேமித்திருக்கும். லேப்டாப்பில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படம் கைக்குப் பின்னால் தடுமாறி வரும், நீங்கள் மெஷினைக் குறை சொல்வீர்கள்.

ஒற்றை இம்பிளாண்ட் என்றால் ஸ்கேன் தாராளமாகப் போதும், எனக்கு ஸ்கேனர் மிகவும் கைகொடுப்பதே அதில்தான். மார்ஜின் பிரச்சினையே இல்லை. ஸ்கேன் பாடி என்று ஒரு சின்ன உருளையை இம்பிளாண்டில் திருகி அதைப் படமெடுக்கிறோம், இம்பிளாண்ட் எலும்பில் எந்த ஆழத்தில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை லேப் அதிலிருந்து கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் கம்பெனி தெரியாமல் இதைத் தொடவே கூடாது. அந்த இம்பிளாண்டுக்கு உரிய ஸ்கேன் பாடி உங்களிடம் இருக்க வேண்டும், அதே ஸ்கேன் பாடியின் லைப்ரரி (கம்ப்யூட்டர் வடிவ ஃபைல்) லேபிலும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மாறினாலும் கேப் உட்காராது. சர்ஜனிடம் கம்பெனி, விட்டம், நீளம் மூன்றையும் சர்ஜரி அன்றே எழுதி வாங்கி கேஸ் ஷீட்டில் ஒட்டுங்கள். ஸ்கேன் பாடியைத் திருகிய பிறகு அது முழுசாக அமர்ந்ததா என்று ஒரு எக்ஸ்ரே எடுங்கள். ஈறு நடுவில் மாட்டிக்கொண்டு அரை நூல் தூக்கி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியும்.

தோழியோடு சேர்ந்து வாங்குவதானால் யார் பெயரில் பில், எந்தக் கிழமை யாரிடம், டிப் உடைந்தால் யார் கொடுப்பது என்பதையெல்லாம் முதலிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சிநேகிதம் என்பதால்தான் சொல்கிறேன். மெட்டல் செராமிக் முக்கால்வாசி என்கிறீர்கள். அந்த நிலையில் நான் உங்கள் இடத்தில் இருந்தால் பங்கு இல்லாமல் தனியாக இப்போது வாங்கமாட்டேன். பங்கோடு என்றால் வாங்குவேன். வாங்கினாலும் முதல் சில மாதம் சிர்கோனியா கேப்புக்கும் ஒற்றை இம்பிளாண்டுக்கும் மட்டும் ஸ்கேன், மற்றதெல்லாம் நைட்ரைல் கையுறையோடு சிலிக்கானில்.


மதுரை லேப்:

மேடம், ஒரு யோசனை. டெமோவுக்கு அவர்கள் மறுபடி வரும் நாளில் சீவிய கடைவாய்ப்பல் கேஸ் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், ஈறுக்குக் கொஞ்சம் கீழே இறங்கிய கேஸாக இருக்கட்டும். கோவை டாக்டர் சொன்ன வரிசையில் கார்டு வைத்து, அவர்களை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஸ்கேன் முடிந்ததும் கார்டை மறுபடி வைத்து எடுத்து, அதே பல்லுக்கு நீங்கள் சிலிக்கானிலும் அளவு எடுங்கள். இரண்டையும் உங்கள் லேபுக்கே அனுப்புங்கள். சிலிக்கானில் ஊற்றிய மாடலை அவர்கள் டெஸ்க்டாப் ஸ்கேனரில் எடுத்து, வாயில் எடுத்த ஸ்கேனின் மேல் பொருத்திப் பார்க்க முடியும். எங்கே எவ்வளவு விலகியிருக்கிறது என்று வண்ணத்தில் வரும். மார்ஜினைச் சுற்றி ஒரே நிறமாக வந்தால் மெஷினும் கையும் சரி. ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறினால் அந்தப் பக்கத்தில்தான் நீங்கள் பழக வேண்டியிருக்கிறது. கேட்டால் பெரும்பாலான லேப்கள் இதைச் செய்து கொடுக்கும். அவர்களால் முடியாது என்றால் இங்கேயே எழுதுங்கள், ஃபைலையும் மாடலையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம்.